சைலன்சரை மாற்றினால் சட்டம் என்ன செய்யும்?

வண்டியின் சைலன்சரை மாற்றலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் கேட்பது, "பிடித்தால் எவ்வளவு ஃபைன்?" என்பதுதான். அதற்குப் பதில் இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஆனால் அபராதத் தொகை இந்த விவகாரத்தில் மிகச் சிறிய பகுதி. பணத்தைக் கட்டி ரசீதை வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறவரிடம், ஓட்டுநர் உரிமம், ஆர்சி, இன்சூரன்ஸ் ஆகிய மூன்றுக்கும் அந்தச் சைலன்சரால் ஆபத்து வரலாம் என்பதைப் பெரும்பாலும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இந்தியாவில், அதிலும் தமிழ்நாட்டில் வண்டி ஓட்டுகிறவருக்கு இந்தச் சட்டம் எப்படிப் பொருந்துகிறது என்பதைச் சட்டம் படிக்காதவருக்கும் விளங்கும்படி எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சைலன்சருக்குள் இருப்பது

எங்கள் பகுதியிலுள்ள வெல்டிங் பட்டறை ஒன்றில், துருப்பிடித்த பைக் சைலன்சரை ஒருமுறை நீளவாக்கில் அறுத்துப் போட்டிருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் குழாயாகத் தெரிகிற அதற்குள் தடுப்புத் தகடுகள் இருந்தன. அந்தத் தகடுகளைத் துளைத்துக்கொண்டு மெல்லிய குழாய்கள் சென்றன. குழாய்களின் உடம்பெல்லாம் சல்லடைக் கண்கள். எல்லாவற்றின் மேலும் கரி. புகை நேராக வெளியேற வழியே இல்லை. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு, அங்கிருந்து திரும்பி இன்னோர் அறைக்கு என்று சுற்றித்தான் வெளியே வரமுடியும்.

அந்தச் சுற்றுவழிக்குக் காரணம் உண்டு. ஒற்றை சிலிண்டர் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது, நொடிக்கு 25 முறை அழுத்தமேறிய சூடான வாயுவை வெளியே தள்ளுகிறது. தடுப்பு எதுவும் இல்லாவிட்டால் ஒவ்வொரு தள்ளலும் ஒரு சிறு வெடியாகவே காதில் விழும். அறைகளுக்குள் விரியும்போது அந்த வாயுவின் அழுத்தம் தணிகிறது. தகடுகளில் மோதித் திரும்பும் ஒலியலைகள் எதிரே வரும் அலைகளோடு கலந்து ஒன்றையொன்று குறைத்துக்கொள்கின்றன.

கடைகளில் கிடைக்கும் மாற்றுச் சைலன்சர்கள் பலவற்றுக்குள் இந்த அறைகள் இல்லை. துளையிட்ட ஒரே நேர்க்குழாயும், அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சும்தான் இருக்கும். குழாயின் வாயில் சத்தத்தைக் குறைக்கும் 'டிபி கில்லர்' என்னும் அடைப்பு ஒன்று திருகப்பட்டிருக்கும். வாங்கிய மறுநாளே அதையும் கழற்றிவிடுகிறவர்கள் உண்டு. வேறு சிலர் புதிதாக எதையும் வாங்காமல், கம்பெனி சைலன்சரையே மெக்கானிக்கிடம் கொடுத்து, உள்ளே இருக்கும் தகடுகளை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி வெல்டிங் வைத்துக்கொள்கிறார்கள். வெளித்தோற்றம் மாறவில்லை என்பதால் இது குற்றமாகாது என்று அவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறானது.

விதி என்ன கேட்கிறது

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 120ஆவது விதி இரண்டு கடமைகளை விதிக்கிறது. முதலாவது, ஒவ்வொரு மோட்டார் வாகனத்திலும், வெளியேறும் வாயுவின் சத்தத்தை இயன்ற அளவுக்குக் குறைக்கும் சைலன்சர் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். டிராக்டருக்கும் இது பொருந்தும். இரண்டாவது, சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் குறிப்பிடும் ஒலி அளவுக்கு உட்பட்டதாக வண்டி தயாரிக்கப்படவும் வேண்டும், பராமரிக்கப்படவும் வேண்டும். 'பராமரிக்கப்படவும்' என்னும் சொல்லைச் சற்று நின்று கவனியுங்கள். நீங்கள் எதையும் மாற்றவில்லை, மழையிலும் சேற்றிலும் ஓடிச் சைலன்சர் தானாகவே ஓட்டையாகிவிட்டது என்றாலும், அதைச் சரிசெய்யாமல் ஓட்டுவது விதிமீறலே.

இருசக்கர வாகனங்களுக்கு அந்த ஒலி அளவு என்ஜினின் கொள்ளளவைப் பொறுத்தது. 80 சிசி வரை 75 டெசிபல். அதற்கு மேல் 175 சிசி வரை 77 டெசிபல். 175 சிசிக்கு மேற்பட்டவற்றுக்கு 80 டெசிபல். வண்டி விற்பனைக்கு வருமுன் அதன் மாதிரியைச் சோதனைத் தடத்தில் ஓட்டி, வண்டி செல்லும் பாதையின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி, 1.2 மீட்டர் உயரத்தில் வைத்த ஒலிவாங்கியால் இதை அளக்கிறார்கள். புனேயிலுள்ள ஏஆர்ஏஐ போன்ற அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்கள் இந்தச் சோதனையை நடத்துகின்றன. சென்னைக்கு அருகே ஒரகடத்திலும் அப்படியொரு மையம் இருக்கிறது.

டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு அல்ல. 80 என்பது 90 ஆனால் பத்து அலகுதானே கூடியிருக்கிறது என்று தோன்றும். உண்மையில் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது, காதுக்கு ஏறத்தாழ இருமடங்குச் சத்தமாகக் கேட்கிறது. 100 ஆகிவிட்டால் ஆற்றல் நூறு மடங்கு. ஆகவே வரம்பைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கிறது என்ற சமாதானம் டெசிபலைப் பொறுத்தவரை செல்லாது. இரவு 11 மணிக்கு எங்கள் தெருமுனையில் அப்படியொரு வண்டி திரும்பும்போது முதலில் நான் கேட்பது வண்டியின் சத்தத்தை அல்ல, எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி சட்டத்துக்குள் கிடந்து அதிரும் சத்தத்தைத்தான். அதன் பிறகுதான் வண்டி வருகிறது, அதற்கும் பிறகு எதிர்வீட்டுக் கைக்குழந்தை அழத் தொடங்குகிறது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். ஒலி மாசு விதிகள், 2000இன்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு இருக்கிறது. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்படும் பகுதிக்கு இது 50, 40 என்று இன்னும் குறைகிறது. அப்படியானால் 80 டெசிபல் வண்டியே இந்த வரம்பை மீறுகிறதே என்று சிலர் வாதிடுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு கணக்குகள். 80 டெசிபல் என்பது ஒரு வண்டி கடந்துபோகும்போது எழுப்பக்கூடிய உச்ச அளவு; 55, 45 என்பவை ஒரு பகுதியில் குறிப்பிட்ட நேரம் முழுவதும் நிலவும் ஒலியின் சராசரி.

குற்றம் ஒன்றல்ல, மூன்று

மோட்டார் வாகனச் சட்டம், 1988இல் 'அதிகச் சத்தம்' என்ற பெயரில் தனியொரு குற்றம் இல்லை. ஒரே சைலன்சர் மூன்று பிரிவுகளின் கீழ் மாட்டக்கூடும். எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்து விளைவும் மாறும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இவை மூன்றையும் கடுமையாக்கியிருக்கிறது.

முதலாவது, பிரிவு 190இன் உட்பிரிவு 2. சாலைப் பாதுகாப்பு, ஒலி, காற்று மாசு ஆகியவற்றுக்கென்று வகுத்த தர அளவுகளை மீறும் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவது, ஓட்டச் செய்வது, ஓட்ட அனுமதிப்பது ஆகிய மூன்றும் இதன்படி குற்றம். முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். திருத்தத்துக்கு முன் இதே குற்றத்துக்கு அபராதம் 1,000 ரூபாயாகத்தான் இருந்தது. மறுமுறை பிடிபட்டால் சிறைக்கான உச்ச அளவு ஆறு மாதம். 'ஓட்ட அனுமதிப்பது' என்று இருப்பதால், நண்பனுக்கு வண்டியைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கும் உரிமையாளரும் இந்தப் பிரிவுக்குள் வருகிறார்.

இரண்டாவது, பிரிவு 182ஏ, உட்பிரிவு 4. சட்டமும் விதிகளும் அனுமதிக்காத வகையில் வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கானது இது. வெளியிலிருந்து ஒரு பாகத்தை வாங்கிப் பொருத்துவதும் இதில் அடங்கும். ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மாற்றம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அபராதம் என்பதால், சைலன்சரோடு நம்பர் பிளேட் இருக்கும் பின்பகுதியையும் வெட்டி, ஹேண்டில்பாரையும் மாற்றியவருக்குத் தொகை எப்படி ஏறும் என்பதை அவரே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். வண்டியை விற்கும் டீலரே சட்டத்துக்குப் புறம்பாக மாற்றி விற்றிருந்தால், அவருக்கு இதே பிரிவின் முதல் உட்பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ, வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

மூன்றாவது, பிரிவு 194எஃப். தேவையில்லாமல் ஹாரன் அடிப்பதற்கான பிரிவாகத்தான் இது அறியப்படுகிறது. ஆனால் இதே பிரிவு, புகையைச் சைலன்சர் வழியாக விடாமல் இடையிலேயே திருப்பி வெளியேற்றும் 'கட்-அவுட்' பொருத்திய வண்டியை ஓட்டுவதையும் தண்டிக்கிறது. முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000 ரூபாய். மூன்றில் இதுவே லேசானது.

"ஆர்சியில் சைலன்சரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே, பிறகு எப்படி அதை மாற்றியது குற்றமாகும்?" என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறேன். பிரிவு 52 ஆர்சி விவரங்களைப் பற்றிப் பேசுவது உண்மைதான். ஆனால் 182ஏ பிரிவு அதோடு நிற்கவில்லை. விதிகள் அனுமதிக்காத எந்த மாற்றத்தையும் அது குற்றமாக்குகிறது, சைலன்சருக்கோ 120ஆவது விதி இருக்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் பிரிவு 52க்கு விளக்கம் அளித்த உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளர் வகுத்த மூல விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றியமைக்க முடியாது என்று கூறியிருக்கிறது.

காதால் கேட்டே வழக்குப் போடலாமா

இது நியாயமான கேள்வி. பிரிவு 190இன்படி குற்றம் நிற்க வேண்டுமானால் வண்டி தர அளவை மீறியிருக்க வேண்டும், மீறல் என்றால் அளவீடு வேண்டும். அளப்பதிலும் கவனம் தேவை. நின்றிருக்கும் வண்டியைச் சோதிக்கும் முறையில் ஒலிமானியைச் சைலன்சர் வாய்க்கு அரை மீட்டர் தூரத்தில், 45 டிகிரி கோணத்தில் வைக்கிறார்கள். அவ்வளவு அருகில் கிடைக்கும் எண்ணை, 7.5 மீட்டரில் அளக்க வேண்டிய 80 டெசிபல் வரம்போடு நேராக ஒப்பிட முடியாது. அப்படி ஒப்பிட்டால் கம்பெனி சைலன்சர்கூடத் தோற்றுவிடக்கூடும். கைப்பேசிச் செயலியில் தெரியும் எண்ணையும் முறையான அளவீடாகக் கொள்ள முடியாது. தவறான அளவீட்டின் பேரில் வழக்குப் போடப்பட்டால் அதை மறுத்து நீதிமன்றத்தில் வாதிடும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஆனால் மாற்றியமைத்த குற்றத்தை நிரூபிக்க ஒலிமானியே தேவையில்லை. அதிகாரி குனிந்து பார்த்தால் போதும். கம்பெனி சைலன்சரில் இருக்க வேண்டிய முத்திரை இருக்கிறதா, வாய்க்குள் டார்ச் அடித்தால் தடுப்பு தெரிகிறதா அல்லது குழாய் நேராக உள்ளே போகிறதா, உடம்பில் புதிய வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. சத்தத்தை நிரூபிப்பது கடினம் என்பதால் தப்பித்துவிடலாம் என்ற கணக்கு இங்கேதான் பிசகுகிறது.

அபராதத்துக்குப் பின் வருவது

இந்த மூன்று குற்றங்களையும், நீதிமன்றம் போகாமல் குறிப்பிட்ட தொகையைக் கட்டி முடித்துக்கொள்ளப் பிரிவு 200 இடம் தருகிறது. இதை இணக்கக் கட்டணம் என்பார்கள். நாம் 'ஸ்பாட் ஃபைன்' என்பது நடைமுறையில் இதைத்தான். தொகையை மாநில அரசு அறிவிக்கை மூலம் நிர்ணயிக்கிறது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் இத்தொகைகள் உயர்த்தப்பட்டன. தொகையைக் கட்டியதும் விவகாரம் முடிந்துவிட்டதாக எல்லோரும் எண்ணுகிறார்கள். பிரிவு 200 சொல்வது வேறு. கட்டி முடித்த குற்றமும் முந்தைய குற்றமாகவே கணக்கில் ஏறும். ஆகவே அடுத்தமுறை நீங்கள் இரண்டாம் முறைக் குற்றவாளி. பணம் கட்டிவிட்டதாலேயே உரிமத்தின் மீதான நடவடிக்கையிலிருந்து விடுபட முடியாது என்றும் அதே பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

அந்த நடவடிக்கை இப்படித்தான் தொடங்கும். பிரிவு 190இன்படி குற்றம் நடந்திருப்பதாக நம்பக் காரணம் இருந்தால், அதிகாரி ஓட்டுநரின் உரிமத்தைக் கைப்பற்றி உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்கிறது பிரிவு 206. பிரிவு 190இலேயே, முதல் குற்றத்துக்கு மூன்று மாதம் உரிமம் வைத்திருக்கத் தகுதியிழப்பு என்று எழுதப்பட்டிருக்கிறது. வண்டி ஓட்டிப் பிழைக்கிறவருக்கு, உணவு கொண்டுசேர்க்கும் வேலை செய்கிற இளைஞருக்கு, மூன்று மாத வருமானம் போவது 10,000 ரூபாயைவிட எவ்வளவு பெரிய இழப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் செய்தி அவர்களைத்தான் முதலில் சென்றடைய வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

ஆர்சிக்கும் ஆபத்து உண்டு. சட்டத்துக்கும் விதிகளுக்கும் பொருந்தாத நிலையில் வண்டி இருப்பதாக வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் கருதினால், உரிமையாளருக்கு விளக்கம் அளிக்க வாய்ப்பளித்த பின், குறை சரிசெய்யப்படும் வரை பதிவை நிறுத்திவைக்கப் பிரிவு 53 அதிகாரம் தருகிறது. பதிவு நிறுத்தப்பட்ட வண்டியைத் தெருவில் எடுத்தால் அது இன்னொரு குற்றம்.

இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் தெரிவிக்காமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி, உங்கள் வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்கான தொகையை நிறுவனம் குறைக்கவோ மறுக்கவோ முயலலாம். வாரண்டியும் இதே காரணத்தால் கைவிட்டுப் போகலாம். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 என்னும் புகைத் தர அளவுக்கு உட்பட்ட வண்டிகளில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. புகையிலுள்ள நச்சு வாயுக்களை மாற்றும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் புகைக்குழாய்த் தொகுதியில்தான் இருக்கிறது. 'ஃபுல் சிஸ்டம்' என்று என்ஜினிலிருந்து கடைசி வரை மாற்றுகிறவர்கள் பலர் அதையும் சேர்த்துக் கழற்றிவிடுகிறார்கள். அப்போது ஒலி அளவோடு காற்று மாசு அளவும் மீறப்படுகிறது, புகைச் சான்றிதழ் வாங்குவதும் சிக்கலாகிறது.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை அந்த வண்டியை ஓட்டிப் பிடிபட்டால் எல்லாமே பெற்றோர் தலையில் விழும். பிரிவு 199ஏ பாதுகாவலரையோ வண்டி உரிமையாளரையோ குற்றவாளியாகக் கொள்கிறது: மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது ஆகும் வரை உரிமம் கிடைக்காது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்கத் தக்க முயற்சி எடுத்தோம் என்றோ பெற்றோர் நிரூபித்தால் தப்பலாம். ஆனால் மாற்றிய சைலன்சரோடு வாசலில் நிற்கும் வண்டியின் சத்தம் தெரியாது என்று எந்தப் பெற்றோரால் சொல்ல முடியும்?

மோட்டார் வாகனச் சட்டத்துக்கு வெளியேயும் வழி இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 292 பொதுத் தொல்லைக்கு 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. தொகை சிறியதுதான். ஆனால் தினமும் தொல்லைக்கு ஆளாகும் தெருக்காரர்கள் புகார் கொடுக்கும்போது பிடித்துக்கொள்ள அது ஒரு பிடிமானம். அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜூலையில், மாற்றிய சைலன்சர்களால் எழும் ஒலி மாசை யாரும் வழக்குத் தொடராமல் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

ஏற்கெனவே மாற்றியிருந்தால்

பிடிபட்டால் எந்தப் பிரிவின் கீழ் வழக்கு என்று மரியாதையாகக் கேளுங்கள். சலானில் அந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ரசீது இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம். "இது ரோடு லீகல், இ-மார்க் இருக்கிறது" என்று கடைக்காரர் சொன்னதை அங்கே திருப்பிச் சொல்வதில் பயனில்லை. இ-மார்க் என்பது ஐரோப்பிய விதிமுறைக்கான முத்திரை, இந்திய விதிக்கான சான்று அல்ல. வேறு சைலன்சர்தான் வேண்டுமென்றால், உங்கள் மாடலுக்கென்றே இந்தியாவில் சோதித்துப் பெற்ற சான்றைக் கடைக்காரர் எழுத்தில் தரவேண்டும். தராவிட்டால் வாங்காதீர்கள். "போலீஸ் பிடிக்காது, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் மெக்கானிக் சலானில் வருவதில்லை. 182ஏவின் நான்காம் உட்பிரிவில் இருக்கும் சொல் உரிமையாளர் என்பது.

பழைய வண்டி வாங்கும்போது விலை பேசுவதற்கு முன் ஸ்டார்ட் செய்து கேளுங்கள், பின்னால் போய்க் குனிந்து பாருங்கள். முந்தைய உரிமையாளர் செய்த மாற்றம் என்பது சாலையில் ஓட்டிக்கொண்டிருக்கும் உங்களைப் பிரிவு 190இலிருந்து காப்பாற்றாது. விற்பவரிடம் கம்பெனி சைலன்சர் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அதை மாட்டித் தரச் சொல்லி வாங்குங்கள். இல்லையென்றால் புதிய சைலன்சரின் விலையைக் கழித்துப் பேசுங்கள். நீங்களே மாற்றியவராக இருந்து, கழற்றிய கம்பெனி சைலன்சர் வீட்டு மாடியிலோ மெக்கானிக் கடையின் மூலையிலோ கிடந்தால், அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். கேஸ்கெட் ஒன்று புதிதாக வாங்கினால் பெரும்பாலான வண்டிகளில் அரை மணி நேரத்தில் திரும்ப மாட்டிவிடலாம். மாட்டியதற்கான பில்லைத் தேதியோடு வாங்கி ஆர்சியோடு வைத்துக்கொள்ளுங்கள், குறை சரிசெய்யப்பட்டது என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்ட அது உதவும்.